பழைய டீசல் மினி லாரி: விடியற்காலையில் எளிதில் ஸ்டார்ட் ஆவதில்லை, ஸ்லோ ஸ்பீடிலும் நிலையாக ஓடுவதில்லை

கேள்வி: கேரட் லோடு, உதகை

அனைவருக்கும் வணக்கம். 2003ஆம் ஆண்டு மாடல் மினி லாரி ஒன்றை ஒன்பது ஆண்டுகளாக நானே ஓட்டியும் பராமரித்தும் வருகிறேன். நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜின், டர்போ கிடையாது, டீசல் பம்ப் இன்லைன் வகை, ஹீட்டர் பிளக் (குளிரில் ஸ்டார்ட் செய்யச் சிலிண்டரைச் சூடேற்றும் பிளக்) இல்லாத டைரக்ட் இன்ஜெக்ஷன். சென்சார், கம்ப்யூட்டர் என்று எதுவும் இல்லாததால், கோளாறு எதுவானாலும் கையாலும் காதாலும்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

தோட்டத்தில் நள்ளிரவுக்கு மேல் கேரட் பிடுங்கி, கழுவி, மூட்டை கட்டி முடிக்கும்போது மணி மூன்றைத் தாண்டிவிடும். அதற்குப் பிறகு வண்டியை எடுத்தால்தான் விடிந்ததும் மேட்டுப்பாளையம் மண்டியில் நிற்க முடியும். நவம்பரில் நீர்ப்பனி தொடங்கியதிலிருந்து இந்த நேரத்தில் வண்டி என்னைப் படுத்துகிறது. செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) அடித்தால் முதல் எட்டு, பத்து விநாடி சைலன்ஸரில் புகையே வருவதில்லை. விட்டு விட்டு மூன்று நான்கு முறை அடித்த பிறகு வெண்புகை வரத் தொடங்கும். அது கண்ணை எரிக்கும், டீசல் வாடை தூக்கலாக இருக்கும். பிறகு இரண்டு மூன்று சிலிண்டர் மட்டும் பிடித்துக்கொண்டு வண்டி முழுவதும் உதறும். சைடு கண்ணாடியில் பின்னால் நிற்பவரின் முகம் தெரியாத அளவுக்கு நடுக்கம். ஆக்சிலரேட்டரை விட்டால் ஸ்லோ ஸ்பீடு (மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறுவதும் இறங்குவதுமாக இருந்து அணைந்துவிடுகிறது. நான்கைந்து நிமிடம் மிதித்துப் பிடித்திருந்தால் உதறல் குறைந்து, புகையும் நின்று, அதன்பின் மலை இறங்கும் வரையிலோ திரும்ப ஏறும்போதோ எந்தக் குறையும் இல்லை. மண்டியில் மூன்று மணி நேரம் நின்ற பிறகும் சாவியைத் தொட்டவுடன் ஸ்டார்ட் ஆகிறது.

டீசல் ஃபில்டர் இரண்டையும் மாற்றினேன். பேட்டரி வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. பட்டறையில் அந்த வேகத்தை அமைக்கும் ஸ்லோ ஸ்க்ரூவைக் கூட்டி வைத்தார்கள். அதனால் சூடான பிறகு இன்ஜின் தேவையில்லாமல் வேகமாக ஓடுகிறதே தவிர, காலை நேரத் தொல்லை அப்படியே இருக்கிறது. இப்போது, "கம்ப்ரஷன் போய்விட்டது, ஹெட்டை இறக்க வேண்டும்" என்கிறார்கள். அதாவது சிலிண்டருக்குள் காற்று சரியாக அமுங்கவில்லை, இன்ஜினின் மேல்மூடியைக் கழற்ற வேண்டுமாம். ஹெட் இறங்கினால் அத்தோடு நிற்காது என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும்.

எனக்குப் புரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எல்லா நாளும் ஒரேபோல் இல்லை. புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி விழுந்த ஒரு நாள் இரண்டாவது முறையிலேயே ஸ்டார்ட் ஆனது. மேகமூட்டமாக, குளிர் குறைவாக இருந்த இன்னொரு நாள் இருபது நிமிடம் போராட வேண்டியிருந்தது. கம்ப்ரஷன்தான் காரணம் என்றால் இது எப்படி? ஹெட்டில் கை வைப்பதற்கு முன் வேறு எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


பதில் 1: குந்தா டிரைவர்

வணக்கம் அண்ணா. எங்கள் பக்கமும் டிசம்பர், ஜனவரியில் பழைய வண்டிகளுக்கு இதே கதைதான். நாங்கள் இரவில் வண்டியை மூக்கு பள்ளத்தைப் பார்த்தபடி சரிவில் நிறுத்தி, காலையில் உருளவிட்டு இரண்டாம் கியரில் பிடிப்போம். சிலர் டேங்கில் இரண்டு லிட்டர் மண்ணெண்ணெய் கலப்பதும் உண்டு, நான் கலந்ததில்லை. ஏர் ஃபில்டர் வாயில் எரியும் துணியைக் காட்டி ஸ்டார்ட் செய்யும் வழக்கம் ஒன்று முன்பு இருந்தது. ஒரு வண்டியில் ஃபில்டரே பற்றிக்கொண்டதை நேரில் பார்த்த பிறகு அதன் பக்கமே நான் போவதில்லை. நீங்களும் போக வேண்டாம்.

இன்ஜின் ஆயில் என்ன ஊற்றுகிறீர்கள்? 20டபிள்யூ-40 என்றால், குளிரில் அதைவிட இளகலாக இருக்கும் 15டபிள்யூ-40க்கு மாறிப் பாருங்கள். எனக்குச் செல்ஃப் சுற்றுவதில் கொஞ்சம் வித்தியாசம் தெரிந்தது. வண்டியை இரவில் எங்கே, எப்படி நிறுத்துகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.


பதில் 2: ஆட்டோ எலக்ட்ரீஷியன், ஈரோடு

பேட்டரி புதிது என்பதால் மின்சாரப் பக்கம் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். இருபது வயதைக் கடந்த வண்டிகளில் பேட்டரியைவிட அதிலிருந்து செல்ஃப் மோட்டாருக்குப் போகும் வழிதான் பெரும்பாலும் கெட்டிருக்கிறது. ஹீட்டர் பிளக் இல்லாத டீசல் இன்ஜினுக்குத் தீ மூட்டுவது அமுக்கப்பட்ட காற்றின் சூடு மட்டும்தான். பிஸ்டன் மெதுவாக ஏறினால், அமுக்கத்தில் பிறக்கும் சூடு குளிர்ந்த சுவர்களில் இறங்குவதற்கு நேரம் கிடைத்துவிடும். ரிங் வழியாகக் காற்றும் கூடுதலாகக் கசியும். அதனால் செல்ஃப் சற்று மந்தமாகச் சுற்றினாலே கம்ப்ரஷன் இல்லாத இன்ஜினைப் போல நடந்துகொள்ளும்.

நூற்றைம்பது ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று போதும். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், பேட்டரி முனைகளில் 12.6 வோல்ட் அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி, அடிக்கும் நேரத்தில் அதே முனைகளில் பாருங்கள், 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி பலவீனம், அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கிறது. அடுத்து, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் தூணிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிள் சரியில்லை. பாசிட்டிவ் தூணிலிருந்து செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட் வரைக்கும் இதேபோல் பார்க்கலாம்; அங்கே அரை வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம்.

உங்கள் வண்டியில் சேஸிஸிலிருந்து கியர்பாக்ஸுக்கு வரும் பின்னல் எர்த் பட்டை ஒன்று இருக்கும். அதைக் கழற்றி, பிடிக்கும் இடத்தை எமரித் தாளில் தேய்த்து மாட்டுங்கள். பச்சை பூத்த பட்டையாக இருந்தால் தேய்ப்பதில் பயனில்லை, மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று. லெட் ஆசிட் பேட்டரியிடம் உறைநிலைக் குளிரில் முழுத் திறனை எதிர்பார்க்க முடியாது. மூன்றில் ஒரு பங்கு வரை குறையலாம். ஆயில் கெட்டியாகிச் சுமை கூடும் நேரமும் அதுவேதான். ஆகவே விட்டு விட்டு அடிப்பது சரி. ஆனால் ஒவ்வொரு முறையும் பத்து விநாடிக்கு மேல் அடிக்காமல், இடையில் அரை நிமிடமாவது ஓய்வு கொடுங்கள்.


பதில் 3: பழைய பம்ப் மெக்கானிக், கோவை

வணக்கம் தம்பி. டீசல் பம்ப் டெஸ்ட் பெஞ்சில் முப்பது வருடத்துக்கு மேல் நின்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. நீங்கள் ஒரு கோளாறாக நினைத்துச் சொல்லியிருப்பது, எனக்குத் தோன்றுகிறபடி, இரண்டு கோளாறுகள். அவற்றைப் பிரிக்காமல் எந்தப் பாகத்தை மாற்றினாலும் பணம்தான் போகும்.

முதலில் புகை. டீசல் வண்டியில் செல்ஃப் அடிக்கும்போது வெண்புகை வந்தால், டீசல் சிலிண்டருக்குள் போகிறது, ஆனால் எரியவில்லை என்று பொருள். புகையே வரவில்லை என்றால், டீசலே உள்ளே போகவில்லை என்று பொருள். உங்கள் வண்டியில் முதல் பத்து விநாடி புகை இல்லை, அதன் பிறகுதான் வெண்புகை. எவ்வளவுதான் கம்ப்ரஷன் போயிருந்தாலும் முதல் சுற்றுகளிலேயே வெண்புகை வந்தாக வேண்டும். வரவில்லை என்றால், இரவில் பம்ப்புக்கும் டேங்குக்கும் நடுவிலிருந்த டீசல் கீழே இறங்கிப்போய், அந்த இடத்தில் காற்று நிற்கிறது. செல்ஃபின் முதல் பத்து விநாடியும் அந்தக் காற்றைத் தள்ளுவதில் செலவாகிறது. ஸ்டார்ட் ஆன பின் ஸ்லோ ஸ்பீடு ஏறி இறங்குவதும் மிச்சக் காற்றின் வேலையாக இருக்கலாம்.

டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் (டீசலை இழுத்துப் பெரிய பம்ப்புக்குக் கொடுக்கும் சிறு பம்ப்) வரையுள்ள பகுதி உறிஞ்சும் பகுதி. அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ஆகவே கீழே ஈரம் இல்லை என்பதை வைத்துக் கசிவு இல்லை என்று முடிவுகட்ட முடியாது. குந்தா நண்பர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. உங்கள் டேங்க் கேபினுக்குப் பின்னால் சேஸிஸ் பக்கவாட்டில் இருக்கிறது. வண்டி மூக்கைத் தூக்கி நின்றால் டேங்க் இன்ஜினைவிடக் கீழே போகும், டீசல் திரும்பி இறங்கும். மூக்கு பள்ளத்தைப் பார்த்து நின்றால் டேங்க் மேலே வரும், டீசல் இறங்காது. டேங்க் நிறைந்திருக்கும் நாளுக்கும் காலியாக இருக்கும் நாளுக்கும் இதே வேறுபாடு உண்டு. நீங்கள் நல்லபடியாக ஸ்டார்ட் ஆனதாகச் சொல்லும் அந்த உறைபனி நாளில் வண்டி எப்படி நின்றது, டேங்கில் எவ்வளவு டீசல் இருந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

சோதனை எளிது. காலையில் செல்ஃபைத் தொடுவதற்கு முன் ஃபீட் பம்ப்பில் உள்ள கைப்பம்ப்பைத் திறந்து அடியுங்கள். கைக்குக் கெட்டியாக எதிர்ப்புத் தெரியும் வரை எத்தனை அடி ஆகிறது என்று எண்ணுங்கள். நல்ல வண்டியில் நான்கைந்து அடிக்குள் கை கெட்டியாகிவிடும். முப்பது, நாற்பது அடி ஆனால் டீசல் இறங்கியிருக்கிறது. அப்படி அடித்த பின் செல்ஃப் கொடுத்து, முதல் முயற்சியிலேயே புகை வருகிறதா என்று பாருங்கள். பிறகு ஃபீட் பம்ப்புக்கு முன்னால் ஓரடி நீளத்துக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாகப் போட்டால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். பார்க்க வேண்டிய இடங்கள்: டேங்க் பிக்கப் குழாயின் மூட்டு, ரப்பர் ஹோஸ், கிளிப், வடிகட்டிக் கிண்ணத்தின் ரப்பர் வளையம், பான்ஜோ போல்ட்டின் (நடுத்துளை வழியாக டீசல் ஓடும் போல்ட்) காப்பர் வாஷர், கடைசியாக ஃபீட் பம்ப் வால்வு. ரப்பரை நான் முன்னால் சொன்னதற்குக் காரணம் உண்டு. 2020 ஏப்ரலிலிருந்து நாடு முழுவதும் வருவது பிஎஸ் 6 (பாரத் ஸ்டேஜ் 6 தர) டீசல். அதில் கந்தகம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) அளவுதான். கந்தகத்தை நீக்கும்போது ரப்பரை உப்ப வைத்திருந்த சில சேர்மங்களும் குறைந்துவிடுவதால், பழைய டீசலில் ஊறி உப்பியிருந்த பழைய ரப்பர் சுருங்கிக் கசியத் தொடங்குவதுண்டு.

இனி இரண்டாவது கோளாறு. டீசல் வந்த பிறகும் வெண்புகையோடு நான்கைந்து நிமிடம் உதறுகிறது என்றால், ஏதோ ஒரு சிலிண்டராவது குளிரில் எரிய மறுக்கிறது. எது என்று கண்டுபிடிக்க, உதறிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு நாசில் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) பைப் நட்டாக அரைச் சுற்று தளர்த்தி, மறுபடியும் இறுக்குங்கள். தளர்த்தியதும் இன்ஜின் இன்னும் மோசமாக ஓடினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. எந்த மாற்றமும் இல்லையென்றால் குற்றவாளி அதுதான். இதைச் செய்யும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், நட்டின் மேல் தடித்த துணியும் போட்டுக்கொள்ளுங்கள். 200 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். வெளியே ஊசி குத்திய அளவுக்குத்தான் தெரியும், விரலையே இழந்தவர்கள் இருக்கிறார்கள். எரியாத சிலிண்டர் எது என்று தெரிந்ததும், அதன் நாசிலை நன்றாக எரியும் சிலிண்டருக்கும் அதனுடையதை இதற்குமாக மாற்றிப் போடுங்கள். கோளாறு நாசிலோடு சேர்ந்து இடம் மாறினால் நாசில் கெட்டது. பழைய இடத்திலேயே நின்றால் அந்தச் சிலிண்டரில் வேறு கோளாறு.

மண்ணெண்ணெய் வேண்டாம். இன்லைன் பம்ப்பின் பிளஞ்சருக்கு (டீசலை அழுத்தித் தள்ளும் தண்டுக்கு) டீசல்தான் மசகு. மண்ணெண்ணெய் அதைக் கெடுக்கும். ரேஷன் மண்ணெண்ணெயை வண்டிக்கு ஊற்றுவது குற்றமும்கூட. குளிரில் டீசலில் உள்ள மெழுகு கட்டுவதால் வரும் தொல்லையா என்றால், அதுவும் இல்லை என்றே நினைக்கிறேன். டீசல் ஃபில்டரை அடைக்கும் வெப்பநிலைக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1460 வைத்திருக்கும் உச்ச வரம்பு கோடைக்கு 18 பாகை, குளிர்காலத்துக்கு 6 பாகை செல்சியஸ். உங்கள் ஊர்க் குளிருக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் மெழுகு கட்டினால் வண்டி முதலில் எளிதாக ஸ்டார்ட் ஆகி, ஃபில்டர் அடைபட்ட பிறகு இழுவையில் சாகும். உங்களுடையது அதற்கு நேர் எதிர்.


கேரட் லோடு, உதகை

ஐயா, தங்கள் பதிலைப் படித்துவிட்டு டீசல் போட்ட பில்களையும் வண்டி நின்ற இடங்களையும் ஒத்துப் பார்த்தேன். உறைபனி விழுந்த அந்த நாளுக்கு முந்தைய இரவு, வழக்கமான இடத்தில் வேறு வண்டி நின்றதால், கோயில் பக்கச் சரிவில் மூக்கு கீழே பார்த்தபடி நிறுத்தியிருந்தேன். அன்று மாலைதான் டேங்கும் நிரப்பியிருந்தேன். இருபது நிமிடம் போராடிய நாளில் வீட்டு வாசல் ஏற்றத்தில், கால் டேங்க் டீசலோடு நின்றது. குளிரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, நின்ற இடத்தை யோசிக்கவே இல்லை.

மறுநாள் காலை கைப்பம்ப் அடித்தேன். நாற்பத்திரண்டாவது அடியில்தான் கை கெட்டியானது. அதன் பிறகு செல்ஃப் அடித்ததும் முதல் சுற்றிலேயே வெண்புகை. பிளாஸ்டிக் குழாய் போட்டுப் பார்த்ததில் சிறு சிறு குமிழிகள் வரிசையாக ஓடின. டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸைக் கழற்றி விரலில் வளைத்தேன். கிளிப்புக்கு அடியில் மயிரிழை போல மூன்று வெடிப்புகள். மேலே தூசியும் எண்ணெயும் படிந்து கிடந்ததால் வண்டியில் இருக்கும்போது எதுவும் தெரியவில்லை. புது ஹோஸ், புதுக் கிளிப், நான்கு காப்பர் வாஷர், எல்லாம் சேர்ந்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. இப்போது ஏற்றத்தில் நிறுத்தினாலும் காலையில் கைப்பம்ப் ஐந்தாவது அடியிலேயே கெட்டியாகிறது.

ஈரோட்டு நண்பர் சொன்னபடி மீட்டர் வைத்துப் பார்த்ததில் எர்த்தில் 0.7 வோல்ட் காட்டியது. பின்னல் பட்டை பாதி அறுந்து தொங்கியது, மாற்றிவிட்டேன். செல்ஃப் சுற்றும் சத்தமே மாறிவிட்டது. ஆயிலையும் அடுத்த சர்வீஸில் 15டபிள்யூ-40க்கு மாற்றுகிறேன்.

ஆனால் இரண்டாவது கோளாறு அப்படியே இருக்கிறது. இரண்டாம் முயற்சியில் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. ஸ்லோ ஸ்பீடு ஏறி இறங்குவதும் நின்றுவிட்டது. உதறலும் வெண்புகையும் மட்டும் முன்போலவே நான்கு நிமிடம். நட்டுகளைத் தளர்த்திப் பார்த்ததில் மூன்றாம் சிலிண்டரில் எந்த மாற்றமும் இல்லை. இன்ஜின் சூடான பிறகு அதே நட்டைத் தளர்த்தினால் மாற்றம் தெரிகிறது. முதல் சிலிண்டர் நாசிலையும் மூன்றாவதையும் மாற்றிப் போட்டேன். கோளாறு மூன்றிலேயே நிற்கிறது. அப்படியானால் பட்டறைக்காரர் சொன்னதுபோல் கம்ப்ரஷன்தானா? ஹெட்டை இறக்கத்தான் வேண்டுமா?


பழைய பம்ப் மெக்கானிக், கோவை

அவசரப்படாதீர்கள் தம்பி. நாசில் இல்லை என்று தெரிந்தது. கம்ப்ரஷன் என்று இன்னும் தெரியவில்லை. அதற்கு டீசல் கம்ப்ரஷன் கேஜ் வைத்து அளக்க வேண்டும். பெட்ரோல் வண்டிக் கேஜ் இந்த அழுத்தத்தைத் தாங்காது. நான்கு நாசிலையும் கழற்றி, டீசல் வராமல் இருக்க பம்ப்பின் ஸ்டாப் லீவரை இழுத்துக் கட்டி, நான்கு சிலிண்டரிலும் ஒரே அளவு நேரம் செல்ஃப் அடித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

அளக்கும் முன் ஒன்றை மனத்தில் வையுங்கள். மேனுவலில் போட்டிருக்கும் கம்ப்ரஷன் அளவு சமவெளிக்கானது. உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 76 விழுக்காடு அளவுதான். இன்ஜின் அமுக்குவது அந்த மெல்லிய காற்றை. ஆகவே கடல்மட்டத்தில் 26 பார் காட்டக்கூடிய ஆரோக்கியமான சிலிண்டர் உங்கள் ஊரில் 20 பார் அளவில்தான் காட்டும். அந்த 20ஐ மேனுவலோடு ஒப்பிட்டு, நல்ல இன்ஜினைப் பிரித்துப் போட்ட சம்பவங்களை நான் பார்த்திருக்கிறேன். மொத்த அளவைவிட நான்கு சிலிண்டருக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைப் பாருங்கள். மூன்றாவது மட்டும் மூன்று நான்கு பார் குறைந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் முதலில் வால்வைத் திறக்கும் பாகத்துக்கும் வால்வுக்கும் நடுவிலுள்ள டேப்பெட் இடைவெளியைப் பாருங்கள். இடைவெளி போதாமல் வால்வு முழுதாக அமராமல் நிற்பதுண்டு. அதற்கு ஃபீலர் கேஜும் அரைமணி நேரமும் போதும்.

நாசிலைக் கழற்றிய கையோடு இன்னொன்றையும் செய்யுங்கள். மூன்றாம் சிலிண்டரின் நாசில் குழிக்குள் டார்ச் அடித்து, அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நாசில் மாறினாலும் மாறாமல் அங்கேயே இருக்கும் பொருள் ஏதாவது இருக்கக்கூடும்.


கேரட் லோடு, உதகை

ஐயா, குன்னூரில் தெரிந்த ஒருவரிடம் கேஜ் வாங்கி வந்து நேற்று அளந்தேன். முதல் சிலிண்டர் 20, இரண்டு 19.5, மூன்று 19.5, நான்கு 20 பார். டேப்பெட்டும் சரியான அளவில்தான் இருக்கிறது. ஹெட்டை இறக்கியிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

மூன்றாம் குழிக்குள் டார்ச் அடித்தபோது முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை; மற்ற மூன்று குழிகளையும் போலத்தான் கரி படிந்து கிடந்தது. சந்தேகத்துக்கு, ஒரு சைக்கிள் ஸ்போக் கம்பியின் நுனியை வளைத்து அடியில் சுரண்டினேன். கரிக்கு நடுவே செம்பு நிறம் பளிச்சென்று தெரிந்தது. முதல் குழியில் அதே இடத்தில் சுரண்டினால் இரும்புதான் தெரிகிறது. எப்போதோ நாசில் வேலை பார்த்த யாரோ பழைய காப்பர் வாஷரை எடுக்காமல் அதன் மேலேயே புது வாஷரைப் போட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு நானே ஒருமுறை நாசில் கழற்றியிருக்கிறேன். மேலே இருந்த வாஷரை மட்டும் மாற்றிவிட்டு, அடியில் இருப்பதுதான் உட்காரும் இடம் என்று நினைத்துக்கொண்டேன். வாஷரின் உள்வாயில் மரை வெட்டும் டேப் ஒன்றை இரண்டு மரை ஏற்றிப் பிடித்து இழுத்தபோது கரியோடு பெயர்ந்து வந்தது. தேய்ந்து தகடாகியும் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன் இருந்தது. குழிக்குள் கரி விழாமல் இருக்க கிரீஸ் தடவிய துணியால் துடைத்து, நாசில் இல்லாமலேயே நான்கைந்து சுற்று செல்ஃப் அடித்து மிச்சத்தை வெளியே தள்ளினேன். பிறகு நான்குக்கும் புது வாஷர் போட்டு மாட்டினேன்.

இன்று காலை மூன்றே கால் மணிக்கு ஏற்றத்தில் நின்ற வண்டி முதல் முயற்சியில் நான்கு சிலிண்டரிலும் பிடித்தது. வெண்புகை முப்பது விநாடி இருந்தது. அந்தக் குளிருக்கு அது இருக்கும் என்றே நினைக்கிறேன்.


பழைய பம்ப் மெக்கானிக், கோவை

மகிழ்ச்சி தம்பி. ஒன்றரை மில்லி உயர்ந்து நின்றதால் நாசில் நுனி அறைக்குள் சரியாக நீளவில்லை; பீய்ச்சும் டீசல் பிஸ்டன் கிண்ணத்தில் விழ வேண்டிய இடத்தில் விழாமல், குளிர்ந்த சுவரிலும் ஹெட்டிலும் பட்டு ஈரமாக ஒட்டிக்கொண்டது. சூடான பிறகு அதே ஈரம் ஆவியாகி எரிந்துவிட்டதால் உங்களுக்குக் குறை தெரியவில்லை. முப்பது விநாடிப் புகை சரிதான். பூஜ்ஜியப் பாகையில் உள்ளே போகும் காற்று, 25 பாகையில் போகும் காற்றைவிட அமுக்கத்தின் முடிவில் ஏறக்குறைய 60 பாகை குறைவான சூட்டோடுதான் நிற்கும்.

நாசில்கள் எத்தனை வருடமாக டெஸ்ட் பெஞ்ச் ஏறவில்லை என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த முறை கீழே வரும்போது நான்கையும் கழற்றிக் கொண்டுவந்து, திறக்கும் அழுத்தமும் பீய்ச்சும் வடிவமும் பார்த்துவிடுவது நல்லது. மூன்றாவதோடு சேர்ந்து இப்போது முதல் சிலிண்டரில் இருக்கும் நாசிலும் இத்தனை நாள் ஈரத்தில் ஓடியிருப்பதால் நுனியில் கரி கட்டியிருக்கும். பட்டறையில் கூட்டிவைத்த ஸ்லோ ஸ்க்ரூவை மறக்காதீர்கள்.


கேரட் லோடு, உதகை

நாசில்கள் ஐந்து வருடமாக பெஞ்ச் ஏறவில்லை ஐயா. பொங்கல் கழிந்து லோடு குறைந்ததும் கோவைக்கு எடுத்து வருகிறேன். ஸ்லோ ஸ்க்ரூவை மண்டியில் இன்ஜின் சூடாக இருக்கும்போதே இறக்கிவிட்டேன். நிமிடத்துக்கு 900 சுற்றுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது இப்போது 650இல் நிற்கிறது. டேஷ்போர்டு மேல் வைத்த டீ கிளாஸில் வளையம் மட்டும் தெரிகிறது, டீ சிந்தவில்லை.